பரணில் கிடக்கும் என்ஜினை எடைக்குப் போடாதீர்கள்



இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் பென்ஷன்காரர் ஒருவர் போன வாரம் போனில் ஒரு யோசனை கேட்டார். "பையன் வெளிநாடு போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அவன் ஆசை ஆசையா வாங்கின ரிமோட் விமானத்து என்ஜின் மூணு பரண்ல கிடக்கு. பழைய இரும்புக்காரன் கிலோ கணக்குல கேக்குறான். போட்டுடலாமா சார்?" போடாதீர்கள் என்றேன். "வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது. அதனால் இந்தக் கட்டுரை.

என் கட்சி இதுதான். ரேடியோவில் இயங்கும் விமானத்துக்காகச் செய்த அந்த என்ஜினைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு கம்பியில் பறக்கும் விமானத்துக்குப் பொருத்தலாம். பொருத்த வேண்டும் என்றே சொல்வேன். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் வயதுக்காரர்கள்தான். நாம் போன பிறகு என்ஜின் இருக்கும், கைப்பழக்கம் இருக்காது.

கம்பியில் பறக்கும் விமானம் என்றால் பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் கன்ட்ரோல் லைன். பிரெஞ்சில் வோல் சிர்க்குலேர், அதாவது வட்டப் பறத்தல். நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பதால் எனக்கு முதலில் அறிமுகமான பெயர் அதுதான். 1960களில் பிரான்சிலிருந்து வந்த எங்கள் பௌதிக ஆசிரியர் ஒருவர் உப்பளம் பக்கத்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கவிடுவார். கையில் ஒரு பிடி. அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்தின் இறக்கை வரை போகும். பிடியை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். இறக்கைக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற முக்கோணத் துண்டு கம்பியின் இழுப்பை வால் பக்கத்து எலிவேட்டருக்கு மாற்றிக் கொடுக்கும். அவ்வளவுதான் சூத்திரம். ரேடியோ இல்லை, பேட்டரி இல்லை. வீட்டு ரேடியோப் பெட்டிக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் அது. வானொலி அலையில் விமானம் ஓட்டுவதை நாங்கள் பத்திரிகைப் படத்தில் பார்த்ததோடு சரி.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரரான ஜிம் வாக்கர் 1940ல் 'ஃபயர்பால்' என்ற மாடலோடு இந்த முறையைக் கடைக்குக் கொண்டுவந்தார், காப்புரிமையும் வாங்கினார். அதே மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் அதற்கு முன்பே கம்பியில் பறக்கவிட்டிருந்தார் என்ற விவகாரம் 1950களில் கோர்ட்டு வரை போய், வாக்கரின் உரிமை அங்கே நிற்கவில்லை. பைல் கட்டிப் பழகிய எனக்கு இந்தக் கதையில் தனி ருசி உண்டு.

கம்பியில் கட்டினால் சும்மா வட்டம்தானே சுற்றும், இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. ஸ்டன்ட் என்ற வித்தைப் பறத்தலில் விமானம் அரைக்கோளம் முழுவதும் விளையாடும். உள் வளையம், வெளி வளையம், தலைகீழ்ப் பறத்தல், சதுர வளையம், முக்கோணம், படுத்த எட்டு, நின்ற எட்டு, மணல் கடிகாரம், தலைக்கு மேல் எட்டு, நாலிலைக் கொழுந்து என்று வரிசை போகும். உலகப் போட்டியில் இதற்கு எஃப் 2 பி என்று பெயர். கம்பியின் நீளம் 15 மீட்டருக்குக் குறையாமலும் 21.5 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 7 நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். பெரும்பாலான வித்தைகளின் அடிமட்டம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் வரவேண்டும். ஒன்றரை மீட்டர் என்றால் நம் தோள் உயரம். அந்த உயரத்தில், தலைகீழாக, ஒன்றே முக்கால் கிலோ விமானம் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பி 20 மீட்டர், ஒரு சுற்றுக்கு 5.2 விநாடி என்றால் வேகம் மணிக்கு சுமார் 87 கிலோமீட்டர். வட்டத்தில் சுற்றுவதால் வெளியே இழுக்கும் விசை எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆக, 1.7 கிலோ விமானம் உங்கள் கையை 5 கிலோ கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். விமானம் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். ரேடியோ விமானம் ஓட்டுபவருக்கு இந்தச் சேதி வராது. பட்டம் விட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோ என்ஜினை அப்படியே எடுத்துக் கம்பி விமானத்தில் மாட்டினால் என்ன? இரண்டும் இரண்டு ஸ்ட்ரோக்தானே, எரிபொருளும் அதே மெத்தனாலும் எண்ணெயும்தானே என்று கேட்பார்கள். வித்தியாசம் இரும்பில் இல்லை, உத்தியோகத்தில் இருக்கிறது.

ரேடியோ விமானத்து என்ஜினுக்கு மேலே எப்போதும் ஓர் அதிகாரி உண்டு. ஓட்டுபவரின் கட்டைவிரல். ஏறும்போது த்ராட்டிலைத் திறப்பார், இறங்கும்போது மூடுவார். ஒவ்வொரு நிமிடமும் உத்தரவு வரும், என்ஜின் கீழ்ப்படியும். கம்பி விமானத்தில் அந்த அதிகாரி கிடையாது. புறப்பட்டதிலிருந்து எண்ணெய் தீரும் வரை என்ஜின் தன் பொறுப்பில் ஓட வேண்டும். ஏற்றத்தில் தானே அழுத்த வேண்டும், இறக்கத்தில் தானே அடங்க வேண்டும். என் சர்வீசில் இரண்டு வகைக் குமாஸ்தாக்களையும் பார்த்திருக்கிறேன். மேலே இருந்து சொன்னால்தான் பேனாவை எடுப்பவர் ஒரு வகை. எந்தக் கடிதத்துக்கு அவசரம், எதற்கு இரண்டு நாள் பொறுக்கலாம் என்று தானே அறிந்து செய்பவர் இன்னொரு வகை. முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றுவதுதான் இங்கே வேலை.

என்ஜின் தானே எப்படி அறியும்? பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் ஓட்டியவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். குளிர் காலையில் சோக்கை இழுத்துவிட்டுக் கிளப்பினால், வண்டி 'டப்... டப்... டப்' என்று ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். எரிபொருள் அதிகம், காற்றுக் குறைவு. அதனால் டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக் போல நடக்கிறது. சோக்கைத் தள்ளியதும் 'டர்ர்' என்று பிடித்துக்கொள்ளும். ஸ்டன்ட் என்ஜினை அந்த இரண்டுக்கும் நடுவே, வரப்பின் மேல் நிறுத்தி வைக்கிறோம். நேராகப் பறக்கும்போது ஃபோர் ஸ்ட்ரோக்கில் முனகிக்கொண்டு போகும். மூக்கை மேலே தூக்கியதும் சுமை ஏறி, டூ ஸ்ட்ரோக்குக்குத் தாவி, பலம் கொடுக்கும். வித்தை முடிந்து சமமானதும் பழையபடி முனகலுக்குத் திரும்பும். உலகம் முழுவதும் ஸ்டன்ட்காரர்கள் இதை நாலு இரண்டு நாலு என்பார்கள். 1940களின் முடிவில் வந்த ஃபாக்ஸ் 35 என்ற அமெரிக்க என்ஜின் இந்தப் பாட்டுக்குப் பேர்போனது. ஜார்ஜ் ஆல்ட்ரிச்சின் 'நோப்ளர்' விமானமும் அந்த என்ஜினும் மேளமும் நாதசுரமும் போலச் சேர்ந்தே பேசப்பட்டவை.

பின்னால் வந்த ரேடியோ என்ஜின்களின் வயிற்று அமைப்பு வேறு. ஷ்னூர்லே போர்ட்டிங் என்று சிலிண்டரின் பக்கங்களிலும் வழி வைத்து, அதிகக் காற்றை உள்ளே தள்ளுகிறார்கள். பலம் அதிகம். ஆனால் டூ ஸ்ட்ரோக்குக்குப் போய்விட்டால் திரும்பி வர மனசே இருக்காது. கயிறு அறுத்த கன்று மாதிரி ஓடும். ஆகவே இதை அடக்கப் பல வழிகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும். மெனக்கெட்டால் ஒரு நாள் வேலை.

முதல் வேலை கார்புரேட்டரைக் கழற்றுவது. த்ராட்டில், அதன் கை, ஐடில் ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்து ஒரு துண்டாக வந்துவிடும். அதன் இடத்தில் வென்சூரி என்ற குழல் வைக்க வேண்டும். அலுமினியத்தில் லேத்து பட்டறையில் கடைந்துவிடலாம். மேல்வாய் புனல் போல விரிந்து, நடுவே குறுகி இருக்க வேண்டும். குறுக்கே 4 மில்லிமீட்டர் துளை போட்டு, அதில் ஊசி வால்வோடு கூடிய ஸ்ப்ரே பாரைச் செருக வேண்டும். எரிபொருள் வரும் சிறு துளை கீழே, என்ஜின் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். குழல் உட்காரும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டுக் காற்றுக் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கசிந்தால் ஊசியை எவ்வளவு திருகினாலும் ஒரு நிலையில் நிற்காது.

குழலின் நடு விட்டம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பையன்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் வட்டத்தின் பரப்பளவு எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்துகொள்வார்கள். 7 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 38.5 சதுர மில்லிமீட்டர். குறுக்கே 4 மில்லிமீட்டர் பார் வந்து மறைத்தபின் காற்றுக்கு மிஞ்சும் வழி சுமார் 12தான். துளையை 6.5 ஆக்கினால் 9 ஆகிவிடும். 7.5 ஆக்கினால் கிட்டத்தட்ட 16. அரை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு காற்றுக் கூடுகிறது. 7.5 சி.சி. என்ஜினுக்கு, அதாவது 46 என்று போட்டிருக்குமே அதற்கு, 7 மில்லிமீட்டர் அளவில் ஆரம்பிக்கலாம். வழி குறுகினால் காற்று வேகமாகப் போகும். வேகமாகப் போனால் எரிபொருளை நன்றாக உறிஞ்சும். ரேடியோ கார்புரேட்டரின் அகன்ற வாயில் இந்த உறிஞ்சல் குறைவு. அதற்காகவே சைலென்சரிலிருந்து ஒரு குழாய் போட்டு எண்ணெய் டாங்கை அழுத்தி அனுப்புகிறார்கள்.

இரண்டாவது, சிலிண்டர் தலைக்கு அடியில் இன்னொரு மெல்லிய தகடு வைப்பது. 0.1 மில்லிமீட்டர் தாமிரத் தகடு ஒன்றோ இரண்டோ. அழுத்தம் சற்றுக் குறைந்து, என்ஜினின் கோபமும் தணியும்.

மூன்றாவது, ப்ரொபெல்லர். இந்தப் புது வகை என்ஜின்களை நாலு இரண்டு நாலு பாடச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. 11 அல்லது 12 அங்குல விட்டத்தில், பிட்ச் மட்டும் 4 அங்குலம் என்று மாட்டி, ஈரமான டூ ஸ்ட்ரோக்கில் ஒரே சுருதியாக ஓடவிட்டால் போதும். பிட்ச் குறைந்த ப்ரொபெல்லர் இறக்கத்தில் தானே பிரேக் போடும். மாட்டு வண்டியில் சரிவில் கட்டை போட்ட மாதிரி.

நான்காவது, எண்ணெய். ரேடியோக்காரர்கள் வாங்கும் தயார் கலவையில் பெரும்பாலும் செயற்கை எண்ணெய்தான் இருக்கும். ஸ்டன்ட் என்ஜின் 7 நிமிடமும் முழு வேலை செய்வதால், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் வேண்டும், அதில் பாதிக்குக் குறையாமல் விளக்கெண்ணெய் வேண்டும். நம் ஆமணக்கு எண்ணெய்தான். சூட்டில் சட்டென்று விட்டுக்கொடுக்காது. பழைய ஃபாக்ஸ் மாதிரி என்ஜின்களுக்கு இன்னும் கூடுதலாக, கால் பங்குக்கு மேலேயே கேட்கும்.

ஐந்தாவது, டாங்க். விமானம் தலைகீழாகப் பறக்கும்போதும் என்ஜின் அதே மாதிரி ஓட வேண்டும். டாங்கின் நடுமட்டமும் ஸ்ப்ரே பாரும் ஒரே உயரத்தில் இருந்தால் அப்படி ஓடும். சோதிப்பது சுலபம். நேராக ஐந்து சுற்று, தலைகீழாக ஐந்து சுற்று, இரண்டுக்கும் கடிகாரம் வையுங்கள். தலைகீழில் வேகம் அதிகமென்றால் டாங்க் உயரத்தில் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் இறக்குங்கள். நேரில் வேகமென்றால் ஏற்றுங்கள். எரிபொருளை எடுக்கும் குழாய் டாங்கின் வெளிச்சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். சுற்றும் விசையில் எண்ணெய் முழுவதும் அங்கேதான் போய் ஒட்டும்.

எங்கள் ஆசிரியர் இந்தச் சரிபார்ப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரெக்லாஜ் என்று ஒரே வார்த்தை சொல்வார். ஊர் மெக்கானிக் 'செட்டிங்' என்கிறாரே அதுதான். அவர் ஒரு தடவையில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். மாற்றியதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். பின்னாளில் ஆபீசில் எனக்கு உதவிய பழக்கங்களில் அதுவும் ஒன்று.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களையும் பார்த்துவிடலாம்.

இவ்வளவு எதற்கு, த்ராட்டிலை முழுசாகத் திறந்து ஒட்டிவிட்டால் போதாதா என்பார்கள். சும்மா சுற்றுவதற்கு, இரண்டு வளையம் போடுவதற்கு, போதும். டாங்குக்குச் சைலென்சர் அழுத்தமும் கொடுத்துவிட்டால் பழகுகிறவனுக்குத் தாராளமாகப் போதும். முதல் வாரம் அப்படித்தான் பறக்கச் சொல்வேன். ஆனால் சதுர வளையத்தின் மூலை திரும்பும்போது அந்த என்ஜின் கைவிட்டுவிடும். அப்போது பையன் தானாகவே வென்சூரி எங்கே என்று கேட்பான். கேட்ட பிறகு கொடுப்பதுதான் நல்லது.

கம்பி விமானத்துக்கென்றே செய்த என்ஜினை வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். ஜப்பானின் ஓ.எஸ். கம்பெனியே தன் எல்.ஏ. வரிசையில் 25, 46 இரண்டிலும் வென்சூரி போட்ட என்ஜின் விற்றது. இத்தாலியின் சூப்பர் டைகர் 51 ரேடியோவுக்காக வந்தாலும் ஸ்டன்ட்காரர்கள் கை வைத்ததால் பேர் வாங்கியது. ஆனால் மெத்தனால் என்ஜின்களின் சந்தையே சுருங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத் தீர்வை, தபால் செலவு எல்லாம் சேர்ந்து ஓய்வூதியக்காரரின் மாதக் கணக்கைப் பதம் பார்க்கும். பரணில் இருப்பதோ காசு கொடுத்து ஏற்கெனவே வாங்கியது. அதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதுக்கு ஏங்குவது எனக்குச் சம்மதமில்லை.

மூன்றாவது வாதம் கனமானது. மின்சார மோட்டார் வந்துவிட்டது, இன்னும் எதற்கு இந்த எண்ணெய்ப் பிசுக்கு என்பது. இதில் நான் மல்லுக்கு நிற்கமாட்டேன். உலகப் போட்டிகளிலேயே மின்சார விமானங்கள் பட்டம் வென்றிருக்கின்றன. சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு மின்னணுத் துண்டு உள்ளேயே இருக்கிறது. போட்டிக்குப் போகிறவர் அதை வாங்கட்டும். பழகுகிற பிள்ளைக்கு மட்டும் என் சிபாரிசு வேறு. மின்னணுத் துண்டு கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதுதான் வழி. என்ஜின் மக்கர் செய்தால் காற்றா, எண்ணெயா, சூடா, கசிவா என்று ஒவ்வொன்றாகத் தேடி, கையாலேயே சரி செய்யலாம். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த புத்திதான் நான் அவர்களுக்கு விட்டுப் போக விரும்பும் சொத்து.

நான்காவது ஒன்று உண்டு. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். இந்த என்ஜினின் எரிபொருள் மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் எத்தனை வீடுகளில் இழவு விழுந்தது என்று நமக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். எல்லாம் இந்த மெத்தனால் கலந்த சாராயம். ஆகவே முறையான வழியில், கணக்கோடு வாங்க வேண்டும். தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரு பறத்தலுக்கு 46 என்ஜின் 150 மில்லிக்குள்தான் குடிக்கும். வீட்டில் சோடா பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பூட்டு, 'விஷம்' என்று எழுதிய சீட்டு, இரண்டும் கட்டாயம். இதைக் கடைப்பிடிக்க முடியாத வீட்டில் என்ஜின் பரணிலேயே இருக்கட்டும், அல்லது முடிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மெத்தனாலை விடப் பெரிய ஆபத்து மின்கம்பி. நம் கையிலிருந்து போவது 20 மீட்டர் எஃகுக் கம்பி. அது தலைக்கு மேல் போகும் மின்கம்பியைத் தொட்டால் பேச்சுக்கு இடமில்லை. வெளிநாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. என் விதி எளியது: கம்பி நீளத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்துக்கு மின்கம்பி கண்ணில் படக் கூடாது. இடி மின்னல் வாசனை வந்தாலே சுருட்டிவிட வேண்டும். பிடியை மணிக்கட்டில் வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் பறப்பதற்கு முன், விமானத்தின் எடையைப் போல் பத்து மடங்கு இழுத்துப் பார்க்க வேண்டும். 1.7 கிலோவுக்கு 17 கிலோ. போட்டியிலும் இதே சோதனைதான். வட்டத்துக்குள் ஓட்டுபவர் தவிர யாரும் நிற்கக் கூடாது, ஆசைக்கு எட்டிப் பார்க்கும் தாத்தாவும் கூடாது.

இவ்வளவு நிபந்தனை போட்டுவிட்டு ஏன் இன்னும் செய்யச் சொல்கிறேன்? இடம் ஒரு காரணம். ரேடியோ விமானம் ஏறி இறங்க நீளமான வெட்டவெளி வேண்டும். நம் ஊரில் அப்படிப்பட்ட வெளிகளில் இன்று மனை எண் போட்ட கல் நிற்கிறது. கம்பி விமானத்துக்குப் பக்கத்துக்கு 50 மீட்டர் உள்ள பள்ளிக்கூட மைதானம் போதும். அதற்கு மேல் அது போகாது, அடுத்த வீட்டு மாடியில் போய் விழாது.

இன்னொரு காரணம் பிள்ளைகள். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் ஏரோமாடலிங் ஒரு பாடம். வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு, கம்பி விமானமும் அதில் சேர்த்தி. ஆர்வமுள்ள பையன்களும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கிடைக்காதது என்ஜினும் நேரம் உள்ள ஆசானும். நம்மிடம் இருப்பது நேரமும், பரணில் என்ஜினும். இதற்கு மேல் பொருத்தம் பார்க்க ஜோசியர் வேண்டாம்.

என் அக்காள் மகன் பிரான்சிலிருந்து வந்தபோது பழைய 46 ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் மின்சாரத்துக்கு மாறிவிட்டான். அதற்கு வென்சூரி கடைந்து கொடுத்த லேத்துக்காரர் என்னிடம் வாங்கியது இரண்டு டீயும் ஒரு கேள்வியும்தான்: "இந்தத் துளைக்கு ஏன் சார் கால் மில்லிக்கு இவ்ளோ சண்டை போடறீங்க?" பரப்பளவுக் கணக்கைச் சீட்டில் போட்டுக் காட்டினேன். அடுத்த குழலை 6.5லும் அதற்கடுத்ததை 7.5லும் தானே கடைந்து அனுப்பிவிட்டார், எது நன்றாக ஓடுகிறது என்று சொல்லச் சொல்லி. இப்போது 7லேயே நிற்கிறது. அந்த என்ஜின் இன்று ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் விமானத்தில் இருக்கிறது. எனக்கு இப்போது பத்துச் சுற்றுக்கு மேல் தலை சுற்றுகிறது, அதனால் பிடியை அவளிடம் கொடுத்துவிட்டு வட்டத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டு ஊசியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று சொல்கிறேன். இரண்டு மாதமாக அதையும் அவளே சொல்லிவிடுகிறாள்.

ஆகவே நண்பர்களே, பரணில் ஏறுங்கள். நீங்கள் ஏற வேண்டாம், பேரனை ஏற்றுங்கள். கிடைத்த என்ஜின் இறுகிப்போயிருந்தால் பலவந்தமாகச் சுற்றாதீர்கள். பழைய விளக்கெண்ணெய் பிசினாகிப் பிடித்திருக்கும். தலையை மிதமாகச் சூடு காட்டி, கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி வைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பிறகு அக்கம்பக்கத்தில் எந்தக் கல்லூரியில் விமானப் பிரிவு இருக்கிறது என்று விசாரியுங்கள். என்ஜினை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது கூடவே போய் நில்லுங்கள்.

மற்றவை அடுத்த வாரம்.